மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் மட்டும் அடங்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மாடியில் பத்துக்குப் பத்தடி அறையில் மகன் மிருதங்கம் சாதகம் செய்கிறான், நான் பதிவு செய்கிறேன். எதிரொலி தாங்காமல் நான்கு சுவரிலும் ஒரு அங்குல ஃபோம் ஒட்டினேன். (அதற்கு முன் முட்டை அட்டையும் ஒட்டிப் பார்த்தாயிற்று, சிரிக்காதீர்கள்.)

இப்போது வலந்தலைச் (வலப்பக்கத் தோல்) சொற்கள் போர்வைக்குள் வாசித்த மாதிரி செத்துக் கிடக்கின்றன. தொப்பியில் (இடப்பக்கத் தோல்) ரவை அப்பி ஒரு ‘தோம்’ போட்டாலோ, மூலைகளில் அது விடாமல் உறுமுகிறது.

படித்ததில் புரிந்தது இவ்வளவு: ஃபோம் காற்றின் அசைவைத்தான் உராய்வால் தின்கிறது. சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை. கால் அலைநீளம் தள்ளித்தான் அதிகம் அசைகிறது. 2000 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 4 செ.மீ., 100 ஹெர்ட்ஸுக்கு 86 செ.மீ.! ஒரு அங்குலம் எந்த மூலைக்கு? போதாததற்குச் சதுர அறை. பத்தடிக்கு உரிய 56, 112 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் இரண்டு திசையிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

பாதி ஃபோமைப் பிய்த்துவிடப் போகிறேன். அப்புறம் மூலைகளில் நாலு அங்குல ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), பின்னால் நாலு அங்குல இடைவெளி விட்டால் போதுமா? இல்லை, மெல்லிய பிளைவுட் அறைந்த மூடிய பெட்டிதான் சரியா? தென்னை நார்ப் பலகை வைத்துப் பார்த்தவர் உண்டா? ராக்வூல் தூசி வராமல் எந்தத் துணியால் போர்த்தினீர்கள்? பையனுக்கு வீசிங் உண்டு, அதனால் கேட்கிறேன்.