எடை குறைய விடாமல் மனசு எங்கே பிடித்து இழுக்கிறது? உங்கள் அனுபவம்

எங்கள் ஆபீஸில் யாராவது வண்டி வாங்கினால்கூட லட்டு வந்துவிடும். பக்கத்து சீட் அக்கா பேலியோ, கீட்டோ என்று அரிசி, கோதுமையை ஒதுக்கும் டயட் எல்லாம் இருந்து பார்த்தவர். ஒரு லட்டு வாயில் போட்டதும் "சரி, டயட் போச்சு, திங்கக்கிழமை புதுசா ஆரம்பிச்சுக்கலாம்" என்பார், அன்றைக்கு வியாழக்கிழமையாக இருந்தாலும். நடுவில் வரும் நாளெல்லாம் பரோட்டா, ஐஸ்கிரீம். லட்டு அல்ல, அந்த "போச்சு"தான் எடையை ஏற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

1975ல் ஹெர்மன், மேக் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மாணவிகளில் சிலருக்கு மட்டும் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் எல்லாரையும் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ, மில்க்‌ஷேக் குடித்தபின் இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

அக்கா பிறகு போன டயட்டீஷியன் எந்த உணவையும் தடை செய்யவில்லை. "லட்டு சாப்பிட்டீங்களா, பரவாயில்லை, ராத்திரி வழக்கமான ரெண்டு சப்பாத்தியைச் சாப்பிடுங்க, பட்டினி மட்டும் கிடக்காதீங்க" என்றார். அக்கா முதலில் நம்பவே இல்லை. ஆனால் திங்கக்கிழமைப் பேச்சு நின்ற பிறகுதான் எடை மெதுவாக இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கவும் ஆரம்பித்தது.

*

நல்ல பகிர்வு சகோதரி. என் விஷயத்தில் பிரச்சினை சாப்பாட்டைவிட பேச்சுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா எல்லார் முன்னாலும் "என்னடா, இன்னும் ஊதிட்டே போற" என்பார். அங்கே பாதி இலையில் எழுந்துவிடுவேன், திரும்பும் வழியில் டீக்கடையில் தனியாக நின்று பஜ்ஜி சாப்பிடுவேன், பசியே இருக்காது, அந்த வார்த்தைதான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். லண்டனில் யுசிஎல் பல்கலைக்கழகம் 2014ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் வந்தது: எடைக்காக அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு நான்கு வருடத்தில் சராசரியாக ஏறக்குறைய 1 கிலோ கூடியிருந்தது, மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. தயவுசெய்து வீட்டில் இருப்பவர்களை இப்படிப் பேசாதீர்கள்.

எனக்கு உதவியது மனைவி. எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சாப்பிட்டதும் "வாங்க, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுவாள். பகல் ஷிப்டில் அது நன்றாகப் போகிறது. நைட் ஷிப்டில்தான் தூக்கமும் கெட்டு, விடியற்காலையில் கை தானாகப் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போகிறது. இங்கே நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இருந்தால், அந்த நேரத்தை எப்படிக் கடக்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.