வாரண்டி, கேரண்டி, கேரண்டர்: எல்லாம் ஒண்ணா, வேறவேறயா? பேட்டரிக் கடையில் மாட்டிக்கிட்டேன்

திண்டுக்கல்காரன்:
வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, 150 ஏஹெச் ட்யூபுலர். வாங்கி 40 மாசம். இப்ப கரண்ட் போனா பத்து நிமிஷம்கூட ஃபேன் ஓடல. டிஸ்டில்ட் வாட்டர்லாம் ஒழுங்கா ஊத்திட்டுத்தான் இருந்தேன். கார்டுல "வாரண்டி 60 மாதம், 36+24"னு போட்டிருக்கு. கடையில கேட்டா, "அண்ணே, கேரண்டி முடிஞ்சிருச்சு, இப்ப வாரண்டிதான் ஓடுது, சும்மா மாத்தித் தர முடியாது"ங்கிறார். கார்டை நாலு தடவை புரட்டிட்டேன், கேரண்டிங்கிற வார்த்தையே அதுல கிடையாது! அகராதியில ரெண்டுக்குமே உத்தரவாதம்னுதான் இருக்கு. அவர் கதை விடுறாரா?

இன்னொண்ணு. இதே வாரம் மச்சான் தொழில் லோனுக்கு என்னை கேரண்டரா கையெழுத்துப் போடச் சொல்றார். "தெரிஞ்சவர்னு சும்மா ஒரு சைன், மாப்ள." இதுவும் அதே கேரண்டிதானா?

பேட்டரிக்கடை:
கதை இல்லங்க, கடைப் பாஷை. நம்ம ஊர்ல கேரண்டின்னா மாத்திக் கொடுப்போம், வாரண்டின்னா சரி பண்ணிக் கொடுப்போம். வாடிக்கையாளரும் அப்படித்தான் கேட்பாங்க. ஆனா கம்பெனிக்காரன் கார்டுல மொத்தத்துக்கும் வாரண்டின்னுதான் அடிப்பான். 36 இலவச மாற்று. அடுத்த 24 ப்ரோ ரேட்டா, அதாவது பழசைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கினா விலையில ஒரு சதவீதம் கழிவு. மாசம் ஏற ஏற கழிவு குறையும். கார்டுக்குப் பின்னாடி பொடி எழுத்துல அட்டவணை இருக்கும், 40வது மாசத்துக்கு என்னன்னு பாருங்க. கழிவே கிடையாதுன்னு சொன்னா அப்ப சண்டை போடுங்க. கார்டும் பில்லும் கையில இருந்தா 1915க்குப் போன் பண்ணலாம், நுகர்வோர் உதவி எண்.

பழைய வாத்தியார்:
பிறப்புல ரெண்டும் ஒரே சொல்தான் தம்பி. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சப்ப அவங்க பிரெஞ்சும் கூடவே வந்துச்சு. பழைய ஜெர்மானியச் சொற்கள்ல இருந்த 'வ' ஒலியை அவங்க அப்படியே வச்சிருந்தாங்க. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சுல அது 'க' ஆயிடுச்சு. வாரண்ட், வாரண்டி முதல் வழியில வந்தது. கேரண்டி சில நூற்றாண்டு கழிச்சு அடுத்த வழியில வந்தது. வார்டன்–கார்டியன், ரிவார்ட்–ரிகார்ட் எல்லாம் இதே மாதிரி ஜோடிதான். இங்கிலீஷ்காரன் வில்லியம்ங்கிற பேரைப் பிரெஞ்சுக்காரன் கியோம்னு கூப்பிடுவான்.

நம்மகிட்டயும் உண்டே. வடமொழி லக்ஷம் நேரா வந்து லட்சம் ஆச்சு, பிராகிருதம் வழியா வந்து இலக்கம் ஆச்சு. இப்ப இலக்கம்னா எண்ணுன்னு தனி அர்த்தம். ஒரே வீட்ல பிறந்தாலும் தனிக்குடித்தனம் போயாச்சு.

ராத்திரிஷிஃப்ட்:
அப்ப போலீஸ் வாரண்ட்?

பழைய வாத்தியார்:
அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அடியில இருக்கிற பொருள் 'நான் பொறுப்பு'. பிடிக்கப் போற போலீஸ்காரருக்கு, சட்டப்படிதான் செய்யறார்னு கோர்ட் எழுத்துல நிக்குது. தமிழ்ல பிடியாணைன்னு அழகா வச்சுட்டோம்.

கோர்ட்டுப்பக்கம்:
சட்டத்துல கதையே வேற. 1930ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 12வது பிரிவு, கண்டிஷன், வாரண்டின்னு ரெண்டாப் பிரிக்குது. முக்கியமான உறுதி கண்டிஷன், அது மீறப்பட்டா பொருளே வேண்டாம்னு திருப்பிரலாம். துணை உறுதி வாரண்டி, மீறினா நஷ்டஈடு மட்டும்.

கேரண்டிக்கு 1872 ஒப்பந்தச் சட்டம், 126வது பிரிவு. அதுல மூணு பேர் வேணும்: கடன் கொடுத்தவர், வாங்கினவர், அவர் கட்டலைன்னா நான் கட்டுறேன்னு நிக்கிறவர். பேட்டரிக்கடை அண்ணன் சொல்ற கேரண்டியில ரெண்டே பேர்தான். அதனால திண்டுக்கல்காரரே, பேட்டரியை விடுங்க, உங்க ரெண்டாவது கேள்விதான் பெரிசு.

வங்கி ஓய்வு:
அதைச் சொல்லத்தான் வந்தேன். "தெரிஞ்சவர்னு ஒரு சைன்" அறிமுகக் கையெழுத்துக்குச் சரி. கேரண்டர்னா ஜாமீன்தாரர். 128வது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு. முதல்ல மச்சான்கிட்ட வசூல் பண்ணிட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு கட்டாயம் இல்ல. உங்க சிபில்லயும், அதாவது கடன் வரலாற்று அறிக்கையிலயும், இந்த லோன் ஏறும், நாளைக்கு நீங்க வீட்டுக் கடன் கேட்டா அதையும் பார்ப்பாங்க. எவ்வளவு தொகை, ஓவர்டிராஃப்டா (வரம்புக்குள்ள வேணும்போது எடுத்துக் கட்டுறது), டெர்ம் லோனா (மொத்தமா வாங்கித் தவணையில கட்டுறது), கேட்டீங்களா?

திண்டுக்கல்காரன்:
அட்டவணை கிடைச்சது! பின்பக்கம் கடைசி வரி. கடைக்காரர் கழிவை ஒத்துக்கிட்டார், நாளைக்குப் புது பேட்டரி. மச்சான்கிட்ட தொகை கேட்டேன், "அதெல்லாம் பேங்க்ல பார்த்துப் போட்டுக்குவாங்க"ன்னார்.

வங்கி ஓய்வு:
தொகை எழுதாத தாள்ல கையெழுத்தா? வேண்டவே வேண்டாம். சாங்ஷன் லெட்டர் (கடன் அனுமதிக் கடிதம்) நகலும் கேரண்டி பத்திரமும் வாங்கிட்டு இங்க வாங்க, வரி வரியாப் பார்க்கலாம்.