கூட்டணி சேர்ந்தால் தாக்குதல் ஆபத்து கூடுமா?

கார்முகில்:
வணக்கம். ஒரு நாடு யாரோடு ராணுவக் கூட்டணி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து அங்கே பயங்கரவாதத் தாக்குதல் நடக்கும் வாய்ப்பு மாறுமா? இதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டே பதில்தான் கிடைக்கிறது. "அமெரிக்காவோடு சேர்ந்தால் அடி விழும், ஒதுங்கி இருந்தால் நிம்மதி" என்கிறது ஒரு கட்சி. "அவர்களுக்குக் காரணமே தேவையில்லை, யாரை வேண்டுமானாலும் அடிப்பார்கள்" என்கிறது இன்னொரு கட்சி. 2004-இல் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 191 பேர் இறந்தது முதல் பதிலுக்குச் சாட்சி மாதிரி இருக்கிறது, ஏனென்றால் ஸ்பெயின் அப்போது ஈராக்குக்குப் படை அனுப்பியிருந்தது. ஆனால் ஈராக் போரைக் கடுமையாக எதிர்த்த பிரான்ஸில் 2015 நவம்பரில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நெய்தல்:
நல்ல கேள்வி கார்முகில். எனக்குத் தெரிந்தவரை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதற்காக ஒரு நாடு அடி வாங்குவது அபூர்வம். அந்த ஒப்பந்தத்தின் பெயரில் யார் மண்ணில், யாருக்கு எதிராக, எதைச் செய்தது என்பதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. நீங்கள் சொன்ன பிரான்ஸையே பாருங்கள். 2003-இல் எதிர்த்தது உண்மை. ஆனால் 2014 செப்டம்பரில் ஈராக்கிலும், 2015 செப்டம்பரில் சிரியாவிலும் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் மீது குண்டு வீச ஆரம்பித்தது. பாரிஸ் தாக்குதல் அதற்குப் பிறகுதான். ரஷ்யாவும் அப்படியே: 2015 செப்டம்பர் 30 அன்று சிரியாவில் வான்தாக்குதலைத் தொடங்கியது, சரியாக ஒரு மாதத்தில் சினாய் பாலைவனத்தின் மேலே ரஷ்யப் பயணிகள் விமானம் வெடித்து 224 பேர் இறந்தார்கள். ரஷ்யா அமெரிக்கக் கூட்டணியில் இல்லையே!

பிரிட்டன் விஷயத்தில் உள்ளே இருந்தவரே சொல்லியிருக்கிறார். 2002 முதல் 2007 வரை பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-இன் தலைவராக இருந்த எலைசா மானிங்ஹாம்-புல்லர், ஈராக் போர் குறித்த சில்காட் விசாரணையில் 2010-இல் சாட்சி சொன்னபோது, அந்தப் படையெடுப்பு பிரிட்டனுக்கான அச்சுறுத்தலைக் கணிசமாகக் கூட்டியது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அரசுக்கு வேண்டாத ஒருவர் சொன்னதாக இதைத் தள்ளிவிட முடியாது.

ஆய்வாளர்கள் பக்கத்தில் தாமஸ் ப்ளூம்பர், எரிக் நியூமேயர் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலான குழுக்களின் குறிக்கோள் உள்ளூர்க் குறிக்கோள்: தங்கள் நாட்டு ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பணியவைக்க வேண்டும். அந்த ஆட்சி தாக்குப்பிடிப்பதே வெளியிலிருந்து வரும் பணத்தாலும் ஆயுதத்தாலும் என்றால், உதவி செய்யும் வல்லரசின் மக்களை அடித்து, இந்த ஆட்சிக்கு முட்டுக்கொடுப்பதற்கு என்ன விலை என்று காட்டப் பார்ப்பார்கள். ஆக கூட்டணியில் வலிமையான கூட்டாளிக்குத்தான் கூடுதல் ஆபத்து, அதுவும் பலவீனமான கூட்டாளியின் நாட்டுக் குழுவிடமிருந்து. 1983-இல் பெய்ரூட்டில் 241 அமெரிக்கப் படையினரும் 58 பிரெஞ்சுப் படையினரும் ஒரே காலையில் கொல்லப்பட்டதை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் புரியும். சில மாதங்களிலேயே அமெரிக்கா லெபனானிலிருந்து படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

சேரலாதன்:
நெய்தல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் சிக்கல் இருக்கிறது. குண்டு வெடித்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் எப்போதும் ஏதாவது ஒரு படையெடுப்பு கண்ணில் படத்தான் செய்யும். படை அனுப்பியும் பெரிதாக அடி வாங்காத நாடுகளை யார் எண்ணுகிறார்கள்?

சோமாலியாவை எடுத்துக்கொள்வோம். கென்யா 2011 அக்டோபரில் படையோடு உள்ளே போனது. 2013-இல் நைரோபி வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் 67 பேர், 2015-இல் காரிசா பல்கலைக்கழகத்தில் 148 பேர் இறந்தார்கள். உகாண்டாவும் படை அனுப்பியது, 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டி அன்று கம்பாலாவில் குண்டு வெடித்து 70-க்கும் மேற்பட்டோர் போனார்கள். சரி, வாதம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006 டிசம்பரிலேயே முழுப் படையெடுப்பு நடத்தி, சோமாலியர் பலர் பழைய பகையாளியாகவே பார்க்கிற எத்தியோப்பியாவின் தலைநகரில் அந்த அளவில் ஒரு தாக்குதல்கூட நடக்கவில்லை. புருண்டியும் ஆயிரக்கணக்கில் படையினரை அனுப்பியது, மிரட்டல் வந்ததே தவிர பெரிய சம்பவம் எதுவும் இல்லை. எதிரி ஒன்றுதான், அது சோமாலியாவின் ஆயுதக் குழுவான அல்-ஷபாப். இந்த நாடுகள் செய்த காரியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியிருந்தும் விளைவு இவ்வளவு வேறுபடுகிறது என்றால், எல்லையைக் கடந்து வருவது எவ்வளவு சுலபம், உள்ளூரில் ஆள் சேர்க்க முடிகிறதா, லஞ்சம் கொடுத்துச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடிகிறதா, தாக்கினால் உலகச் செய்தியாகுமா என்ற கேள்விகளுக்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும். கோபம் எல்லார் மீதும் இருக்கலாம், கை எட்டுகிற இடத்தில்தான் அடி விழும்.

மாட்ரிட் பற்றியும் ஒரு வார்த்தை. அதை "ஈராக்குக்குப் பதிலடி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஃபெர்னாண்டோ ரெய்னாரஸ் என்ற ஸ்பானிய ஆய்வாளர் வழக்கு ஆவணங்களைத் துருவி எழுதியதில், ஸ்பெயினைத் தாக்கும் முதல் முடிவு 2001 டிசம்பரில் கராச்சியில் எடுக்கப்பட்டது என்கிறார். அதற்கு ஒரு மாதம் முன்பு ஸ்பானிய போலீஸ் அங்கிருந்த அல்-கொய்தா குழுவை உடைத்திருந்தது. ஈராக் போர் தொடங்கியதோ 2003 மார்ச்சில். அப்படியென்றால் ஈராக் அவர்களுக்கு நல்ல தருணத்தையும் நல்ல முழக்கத்தையும் கொடுத்தது, பகை அதற்கு முன்பே இருந்தது. ஸ்பெயின் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரான சபதேரோ படையைத் திரும்ப அழைப்பேன் என்று சொன்ன பிறகும், ஏப்ரல் 2 அன்று மாட்ரிட்-செவில் அதிவேக ரயில் பாதையில் இன்னொரு குண்டைக் கண்டெடுத்தார்கள். விலகுகிறேன் என்று அறிவித்த உடனே கிடைக்கிற விடுதலை எதுவும் இல்லை.

மணற்கேணி:
சேரலாதன் கடைசியாகச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், நமக்கு ரொம்பப் பக்கத்து உதாரணம். 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதன்படி அமைதிப் படை போனது, 1990 மார்ச்சில் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது 1991 மே 21 அன்று, படை திரும்பி ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு. அவர் மறுபடி ஆட்சிக்கு வந்தால் படையை மறுபடியும் அனுப்புவார் என்ற அச்சம்தான் காரணம் என்று வழக்கில் அரசுத் தரப்பு வாதிட்டது. நடந்து முடிந்ததற்குப் பழிவாங்குவது ஒரு பக்கம் என்றால் நடக்கப்போவதைத் தடுப்பது இன்னொரு பக்கம். ஆகவே இன்று எத்தனை வீரர்கள் வெளிநாட்டில் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்த்து ஆபத்தை அளக்கக் கூடாது.

ஒதுங்கி இருந்தால் நிம்மதி என்பவர்கள் 1997 லக்சரையும் நினைக்க வேண்டும். எகிப்தில் இருக்கும் அந்த ஊரில், ஒரு பழங்காலக் கோயில் வாசலில் கொல்லப்பட்ட 62 பேரில் 36 பேர் சுவிட்சர்லாந்துக்காரர்கள். எந்த ராணுவக் கூட்டணியிலும் இல்லாத நாடு அது. கொன்றவர்களுக்கு எகிப்தின் சுற்றுலா வருமானத்தை முறிக்க வேண்டியிருந்தது. அந்தப் பயணிகள் தங்கள் நாடு செய்த எதற்காகவும் சாகவில்லை, அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கார்முகில்:
எல்லோருக்கும் நன்றி, நிறையத் தெளிவு கிடைத்தது. ஒரு துணைக் கேள்வி. இதுவரை கூட்டணி ஆபத்தைக் கூட்டுகிற பக்கத்தைத்தான் பேசினோம். குறைக்கிற பக்கம் ஒன்றும் இல்லையா? உளவுத் தகவல் பகிர்வு, பயிற்சி என்றெல்லாம் சொல்கிறார்களே, அது நடைமுறையில் உயிரைக் காப்பாற்றியிருக்கிறதா?

நெய்தல்:
காப்பாற்றியிருக்கிறது. 2007 செப்டம்பரில் ஜெர்மனியில் பிடிபட்ட சாவர்லாந்து குழு நல்ல உதாரணம், அதில் இரண்டு பக்கமும் ஒரே கதையில் இருக்கின்றன. அங்கிருந்த அமெரிக்கர்களைக் குறிவைத்து, குண்டு தயாரிக்க சுமார் 700 கிலோ ஹைட்ரஜன் பெராக்சைடு ரசாயனத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆப்கானிஸ்தானில் ஜெர்மன் படை நீடிப்பது பற்றிய வாக்கெடுப்பு அடுத்த மாதம் வரவிருந்தது. அதாவது குறி வந்ததே கூட்டணியால்தான். ஆனால் அவர்களைப் பற்றிய முதல் துப்பைக் கொடுத்ததும் அமெரிக்க உளவுத்துறைதான். ஜெர்மன் போலீஸ் மாதக்கணக்கில் கண்காணித்து, அந்த ரசாயனத்தை ரகசியமாக நீர்த்த கரைசலாக மாற்றி வைத்துவிட்டுத்தான் கைது செய்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. இப்படி நடக்காமல் போனவை எதுவும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, அதனால்தான் கூட்டணியின் கெடுதல் பக்கம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

சேரலாதன் எத்தியோப்பியா பற்றிச் சொன்னது நியாயம், அதை நான் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும்.

சேரலாதன்:
பரவாயில்லை நெய்தல். கார்முகிலின் கேள்விக்கு இன்னும் ஒன்று: தகவல் கிடைக்கக் கூட்டணி கட்டாயமும் இல்லை, கிடைத்தால் போதும் என்பதும் இல்லை. 2024 மார்ச் 7 அன்று மாஸ்கோவில் கூட்டம் கூடும் இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் வெளிப்படையாகவே எச்சரித்தது, ரஷ்ய அதிகாரிகளிடம் தனியாகவும் சொன்னதாக அமெரிக்கா பிறகு தெரிவித்தது. மார்ச் 19 அன்று புதின் இத்தகைய எச்சரிக்கைகளை மிரட்டல் என்று ஒதுக்கினார். 22-ஆம் தேதி மாஸ்கோவை ஒட்டிய குரோகஸ் இசை அரங்கில் 140-க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஈரானின் கெர்மான் குண்டுவெடிப்புக்கு முன்பும் தங்களிடமிருந்து எச்சரிக்கை போனதாக அமெரிக்கா சொன்னது. பகை நாட்டிடமிருந்து வரும் துப்பை நம்புவது லேசில்லை, அதில் என்ன உள்நோக்கம் இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றும். கூட்டாளி நாடுகளுக்கு உண்மையான லாபம் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பல வருடம் சேர்ந்து வேலை பார்த்த அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னால் அன்றைக்கே ஆட்களை அனுப்புவார்கள்.