மறு: உயிரி வால்வா, வாழ்திசு வால்வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கெட்டுப்போன இதய வால்வுக்குப் பதிலாகப் பொருத்தும், விலங்குத் திசுவால் ஆன பயோப்ராஸ்தெடிக் வால்வுக்கு நம் கலைச்சொல் விவாதத்தில் வந்த ‘உயிரி வால்வு’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யப்படும் அந்த வால்வில் உயிருள்ள செல் எதுவும் இல்லை. குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். தோல் பதனிடுவதற்கும் பயன்படும் வேதிப்பொருள்தான் அது. அதனால் உடலின் எதிர்ப்பு குறைகிறது, ஆனால் தேய்ந்த இடத்தைத் தானே சரிசெய்துகொள்ள அந்தத் திசுவால் முடியாது. நாளடைவில் சுண்ணாம்பு படிந்து இறுகும். முதியவர்களுக்குப் பெரும்பாலும் 10, 15 ஆண்டு தாங்கும். இளையவர்களுக்கு அதற்கும் முன்பே கெட்டுவிடும். இதற்கு உயிர் என்ற சொல்லைக் கொடுத்தால், அது உடம்போடு சேர்ந்து வாழும் என்றுதான் நோயாளி நினைப்பார். ‘பதத்திசு வால்வு’ என்போம்.

உண்மையிலேயே உயிருள்ள வால்வு வேறு. 1967இல் லண்டனில் இதய அறுவை மருத்துவர் டொனால்ட் ராஸ் செய்த அறுவை அதற்குத் தொடக்கம். கெட்டுப்போன பெருந்தமனி வால்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வைப் பொருத்தினார். அதை எடுத்ததால் காலியான இதயத்தின் வலப்பக்க இடத்தில், இறந்தவர் ஒருவர் கொடையாகத் தந்த வால்வு. ஒரு வால்வு நோய்க்காக இரண்டு வால்வுகளில் கைவைப்பதா என்ற எதிர்ப்பு இன்றும் உண்டு, அது நியாயமானதும்கூட.

இதன் நீண்டகாலப் பலனைப் பார்த்தால்தான் நமக்கு எந்தச் சொல் வேண்டும் என்பது தெளிவாகும். இதய அறுவை மருத்துவர் மக்டி யாக்கூப் குழுவினரின் ஆய்வு 2010இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்குச் சொந்த வால்வு, மறுபிரிவினருக்கு இறந்தவரின் வால்வு, யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. பத்தாண்டு கழித்து முதல் பிரிவில் 97 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், இரண்டாம் பிரிவில் 83. இரண்டுமே மனித வால்வுதான் என்பதைக் கவனியுங்கள். பாதுகாத்து வைத்த கொடை வால்வில் செல்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். சொந்த வால்விலோ செல்கள் வாழ்கின்றன, தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன, குழந்தைக்கு வைத்தால் வளரவும் செய்கின்றன. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் வேண்டியதில்லை.

ஆகவே ‘தன்னொட்டு’ (நோயாளியின் சொந்தத் திசு), ‘பிறரொட்டு’ (இன்னொருவரின் திசு) என்று நாம் ஏற்கெனவே பேசிய சொற்கள் மட்டும் போதாது. அவை யாருடைய வால்வு என்பதைச் சொல்கின்றன. உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. 2022இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் பச்சிளம் குழந்தை ஒன்றுக்குக் கொடை இதயத்தின் உயிருள்ள வால்வுகளைத் தமனிகளோடு சேர்த்துப் பொருத்தினார்கள். குழந்தையோடு அவையும் வளர்ந்தன. பிறருடையது, ஆனால் உயிருள்ளது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படுவதும் அந்த உயிருக்காகத்தான்.

அதனால் என் பரிந்துரை ‘வாழ்திசு வால்வு’. வினைத்தொகை. வாழ்ந்த, வாழ்கிற, வாழும் என மூன்று காலத்தையும் ஏற்கும். இருபது ஆண்டு கழித்தும் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான தொகை எனக்குத் தோன்றவில்லை. ‘உயிர்த்திசு’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் அது ‘உயிரி’யோடு குழம்பும்.

வாழ்வது என்றால் நோயும் சேர்ந்துதான். நுரையீரல் தமனியின் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய திசு, பெருந்தமனியின் அழுத்தத்தில் மெல்ல விரிந்து கசியத் தொடங்கலாம். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வந்தால் இந்த வால்வையும் தாக்கக்கூடும். நம் பக்கத்தில் இளம் வயதிலேயே வால்வு கெடுவதற்கு அந்தக் காய்ச்சல் பெரிய காரணம் என்பதால், இந்தச் சொல்லுக்கான கலைச்சொல் பதிவில் இந்த எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். ‘வாழ்திசு’ என்பதை யாரும் சாகாவரம் என்று வாசித்துவிடக் கூடாது.

அப்புறம் ஒன்று. இலங்கைப் பாடநூல்களில் திசு கிடையாது, இழையம்தான். ‘வாழிழைய வால்வு’ அங்கே காதுக்கு ஒத்துவருமா? இலங்கை நண்பர்கள் சொன்னால் இரண்டையும் ஒரே பதிவில் சேர்த்துவிடலாம்.