சில்வனைட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘எழுத்துப்பொன்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தங்கமும் வெள்ளியும் தெலூரியமும் சேர்ந்த கனிமமான சில்வனைட்டுக்குத் தில்லி நண்பர் முன்வைத்த ‘எழுத்துப்பொன்’ என்னும் சொல் காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் நம் கலைச்சொல் பட்டியலில் அதை ஏற்றுவதற்கு முன் என் தயக்கத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சொல்லின் முற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. இன்றைய ருமேனியாவில் உள்ள திரான்சில்வேனியாவின் சுரங்கங்களில் இதன் படிகங்கள் இரட்டையிட்டும், கோணம் பிசகாமல் ஒன்றையொன்று தொட்டும், பாறையின் முகத்தில் யாரோ அறியாத மொழியில் கீறிவைத்தாற்போலப் படர்ந்திருந்ததால், ஜெர்மன் மொழி பேசியோர் இதனை ‘எழுத்துத் தாது’ என்றே அழைத்தனர். தெலூரியம் என்ற தனிமமே 1782-இல் கனிமவியலாளர் முல்லர் அந்த வட்டாரத்துத் தங்கத் தாதுவை ஆராய்ந்தபோதுதான் முதலில் தென்பட்டது. நிலம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வேதியியலாளர் கிளாப்ரோத் அதற்கு 1798-இல் பெயரிட்டார்.

இடர் பிற்பாதியில் இருக்கிறது. ஒரு தங்க அணு, ஒரு வெள்ளி அணு, நான்கு தெலூரிய அணுக்கள் என்னும் வாய்பாட்டின்படி கணக்கிட்டால், எடையில் தெலூரியம் ஏறத்தாழ 63 விழுக்காடு, தங்கம் 24, வெள்ளி 13. நிறமோ எஃகுச் சாம்பல் அல்லது வெள்ளி வெண்மை. சில வேளைகளில் மட்டும் இலேசான மஞ்சள் சாயல் தெரியும். கடினத்தன்மை மோ அளவுகோலில் 1.5 முதல் 2 வரைதான், அதாவது நகத்தால் கீறலாம். ஒரு திசையில் செம்மையாகப் பிளவுபடும். நெடுநாள் வெளிச்சத்தில் வைத்தால் மேற்பரப்பு கருத்துவிடும். பொன்னின் நிறமும் நிலைப்பும் இதில் எங்கே இருக்கின்றன? கரித்துண்டின் மேல் வைத்துச் சூடாக்கினால் தெலூரியம் ஆவியாகி, தங்கமும் வெள்ளியும் கலந்த மணி எஞ்சும்; பொன் என்று சொல்லத் தகுந்தது அந்த நிலையில்தான் கிடைக்கிறது. நான் கோலார் தங்கவயலில் வளர்ந்தவன். அங்கே வெண்கல் நரம்புகளில் தனித் தங்கமாகக் கிடைத்ததையே பொன் என்று கேட்டுப் பழகிய காது இதற்கு இணங்க மறுக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் ஒலிபெயர்ப்பே போதும் என்று மும்பை அம்மையார் எழுதியிருந்தார். கனிமப் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. சில்வைட்டு என்பது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் பாறையுப்பும் கலந்த உரத் தாதுவின் பெயர் சில்வினைட்டு. சில்வனைட்டு நம்முடையது. ‘வ’வின் மேல் ஒரு மேல்விலங்கு கூடி ‘வி’ ஆகிவிட்டால் தங்கத் தாது வயலுக்குப் போடும் உப்பாகிவிடும். அச்சுப்பிழை மலிந்த நம் பாடநூல்களில் இந்தத் துணிவு வேண்டாம். ‘காட்டுக்கு அப்பால்’ என்ற திரான்சில்வேனியாவின் பெயர்ப்பொருளைத் தழுவிய ‘அப்புறக்காட்டுக்கல்’ பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கொலராடோவின் கிரிப்பிள் கிரீக்கிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியிலும் கிடைக்கும் ஒன்றுக்கு அந்தக் காடு எதற்கு?

ஆகவே ‘எழுத்துத்தெலூரைடு’ என முன்மொழிகிறேன். தெலூரைடு என்பது உலோகத்தோடு தெலூரியம் சேர்ந்த சேர்மம். தோற்றத்தை முற்பாதியும் வேதியியல் வகுப்பைப் பிற்பாதியும் சொல்லிவிடும். ‘எழுத்துக்கல்’ என்றால் எழுத்துப் போன்ற கோலமுடைய கருங்கல் வகையோடு குழம்பும். கிராஃபைட்டுக்கு வழங்கும் ‘எழுதுகரி’யோடு மோதாதா என்று கேட்கலாம். அது எழுதுவது, இது எழுதப்பட்டதுபோல் இருப்பது. தமிழ் இலக்கணமே அந்த வேறுபாட்டைக் காத்துத் தருகிறது.

பெங்களூரிலிருந்து,
தங்கவயல்காரன்

மறுமொழி:

ஐயா, வணக்கம். ‘பொன்’னைக் கைவிடுகிறேன், சற்று வருத்தத்தோடுதான். ஆனால் இதே முறையில், இலைபோன்ற படலங்களாக அமையும் மற்றொரு தெலூரியக் கனிமமான நாகியாகைட்டை ‘இலைத்தெலூரைடு’ என்று எவரேனும் ஆக்கிவிடக் கூடும். அதில் ஈயமும் கந்தகமும் சேர்ந்திருப்பதால் வெறும் தெலூரைடு என்பது பிழையாகும். எனவே இப்பெயர் இந்த ஒரு கனிமத்துக்கு மட்டுமே உரியது என்ற குறிப்போடு, அடைப்புக்குறியில் ‘சில்வனைட்டு’ என்றும் சேர்த்துப் பட்டியலில் இடலாமா?

தில்லியிலிருந்து

மறுமொழி:

இடலாம். மேல்விலங்கை மட்டும் இருவரும் ஒருமுறை சரிபார்த்துவிடுவோம்.

பெங்களூரிலிருந்து