பிரசவ வார்டு வேலை வெறுத்துப் போகிறது, யாருக்காவது இப்படி இருக்கிறதா?

தாமிரபரணிக்காரி:
அம்பாசமுத்திரம் பக்கம் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வலியோடு ஒரு பெண் வந்தால் முன்பெல்லாம் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன், இப்போது அவள் முனகுவதே எரிச்சலாக இருக்கிறது, நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வருவதில்லை, பிள்ளை வந்து பேசினால்கூடக் கத்திவிடுகிறேன். லீவு போட்டும் பார்த்தாச்சு, திரும்பி வந்த அன்றைக்கே பழையபடிதான். எனக்குத்தான் மனத்திடம் இல்லையா?

மலையடிவாரம்:
அப்படி நினைக்காதே தங்கச்சி. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3000 பேருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் காரையாறுக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புக்கு நடந்து போய்வரும் நேரம் அந்தக் கணக்கில் வராது. அந்த நடை என்னை வெறுக்க வைக்கவில்லை. என்னைத் தூரத்தில் கண்டதுமே வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், அது போதும். வெறுத்தது பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளின் விவரத்தை ஏற்றும் அரசு இணையதளத்தில், பதிவு ஏற்றும்போதுதான். பிரஷர் பார்த்து, நோட்டில் எழுதி, அதையே திரும்பக் கம்ப்யூட்டரில் ஏற்ற சிக்னலுக்காக ராத்திரி உட்கார்ந்து, மறுநாள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ‘ஏன் இன்னும் ஏறவில்லை’ என்று கேட்டால் யாருக்குத்தான் மனசு விட்டுப்போகாது?

பாளை டீச்சர்:
நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தின் தீராத நெருக்கடியால் வருவது என்றுதான் சொன்னது. உடம்பு ஓய்ந்துபோகும், வேலைமேல் ஒட்டுதல் விடும், செய்வதில் பலனில்லை என்று தோன்றும். உங்கள் எரிச்சல் அந்த ஒட்டுதல் விட்டதுதான். பிரிட்டனில் மருத்துவச்சிகளைக் கேட்டு 2018-இல் வந்த ஆய்வில் 67 சதவீதம் பேருக்கு வேலையால் வந்த சோர்வு இருந்தது, தாய்மார்களைக் கவனிப்பதால் வந்த சோர்வு 15 சதவீதத்தை ஒட்டித்தான். அந்த நாடு வேறு, சம்பளம் வேறு, ஆனாலும் மலையடிவாரம் அக்கா சொன்னதும் இதுதானே. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்ணை மாசமான நாள் முதல் பேறுகாலம் முடியும்வரை ஒரே மருத்துவச்சி பார்க்கும் முறையில் வேலை செய்பவர்களுக்குச் சோர்வு குறைவாக இருந்தது. நம்மிடம் செக்கப் ஒருவர், பிரசவம் இன்னொருவர்.

ராதாபுரம் பிள்ளை:
பயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் 108-இல் ஏற்றி ஹைகிரவுண்டுக்கு, நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, அனுப்புகிறோம், அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை, ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். தாய் இறப்பை கலெக்டர் வரை ஆராய்வது தேவைதான், அதனால்தான் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது. ஆனால் டியூட்டியில் இருந்தவளைக் குற்றவாளியாக நிறுத்தினால் அடுத்த பிரசவத்தை அவள் எந்தக் கையால் பிடிப்பாள்? இதில் ஒப்பந்த வேலை வேறு. 2015-இல் நர்ஸுகளை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்த்தார்கள், நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் போராட வேண்டி வந்தது.

தாமிரபரணிக்காரி:
டீச்சர், இதைப் படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. இப்போதைக்கு என்ன செய்ய?

மலையடிவாரம்:
முதலில் தொடர் நைட் டியூட்டியை மாற்றித்தரச் சொல்லி எழுத்தில் கேள், வாயால் கேட்டால் நிற்காது. தனியாகப் போகாதே, உன் வார்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு போன் போடு, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.