மகனின் ஆஸ்பத்திரி பில் பாக்கி: யார் கட்ட வேண்டும்?

கேள்வி: விவாகரத்து ஆகி மகன் என்னோடுதான் இருக்கிறான், வயது 15. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குச் சேர்க்கும்போது படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவன் அப்பா. செலவு ஆளுக்குப் பாதி என்று தீர்ப்பிலேயே இருக்கிறது, ஆனால் அவர் கட்டவில்லை. இப்போது பாக்கி கேட்டு மகன் பெயருக்கே கடிதம் வருகிறது. 18 ஆனதும் இது அவன் தலையில் விழுமா?

பதில்: பயப்படாதீங்க. பெற்றோர் பொறுப்பேற்ற பில், பிள்ளை மேஜர் ஆவதால் மட்டும் தானாக அவன் கடனாகிவிடாது. அந்தக் கடிதத்தை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள், நோயாளி மைனர் என்று பிறந்த தேதியோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

பதில்: தீர்ப்பு உங்கள் இருவரைத்தான் கட்டுப்படுத்தும், ஆஸ்பத்திரி அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லையே. கையெழுத்துப் போட்டவரை முதலில் கேட்பார்கள், ஆனால் அவசியமான சிகிச்சை என்றால் பல நாடுகளில் தாய் தகப்பன் இருவரிடமுமே கேட்க முடியும். நீங்கள் கட்ட நேர்ந்தால் ரசீதோடு குடும்ப நீதிமன்றத்துக்குப் போய் அவர் பங்கைக் கேளுங்கள், விடவே விடாதீர்கள்.

பதில்: அப்புறம், போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் சகோதரி. கொஞ்சம் பணம் கட்டினாலே, பாக்கிக்காக வழக்குப் போடுவதற்கான காலவரம்பு பல இடங்களில் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். முதலில் விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள், இன்சூரன்ஸுக்கு அனுப்பினார்களா என்றும் பாருங்கள்.